பாலக்காட்டு காரை கோபிசெட்டிபாளையத்துக்குக் கொண்டுவர: என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), வரி, வண்டிப் பரிசோதனை

கோபி_வாய்க்கால்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. பாலக்காட்டில் ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக் பார்த்து வெச்சிருக்கேன். 2019 மாடல், கே.எல். 09 நம்பர், ரெண்டாவது ஓனர், மீட்டரில் 48,000 கி.மீ. காட்டுது. இதே மாடல், இதே வருசத்து வண்டிக்கு ஈரோடு, கோயமுத்தூர் கன்சல்டிங்கில் (பழைய வண்டி வியாபாரிங்க) சொல்ற விலையை விட 90,000 ரூபாய் குறைச்சலா வருது. புதுசில் ஷோரூம் விலை 7 லட்சத்து 20 ஆயிரம்.

ஆர்.சி.யில் (பதிவுச் சான்று) இன்னும் பேங்க் பேரு இருக்குது. லோன் கட்டி முடிச்சாச்சுன்னு விக்கிறவர் சொல்றார். "என்.ஓ.சி. ரெண்டு மாசத்துல வாங்கித் தர்றேன், அதுவரைக்கும் கே.எல். நம்பரிலேயே ஓட்டுங்க, ஒரு வருசத்துக்கு யாரும் கேட்க மாட்டாங்க"ங்கிறார். பேர் மாத்தற ஃபார்ம் 29, 30ல கையெழுத்துப் போட்டு இப்பவே குடுத்துடுவாராம், ஆனா முழுப் பணமும் இப்பவே வேணுமாம். இதுக்கு ஒத்துக்கலாமுங்களா? கோபி ஆபீஸில் டி.என். 36 நம்பர் வாங்கற வரைக்கும் என்ன செலவு வரும்? வண்டியில எதையெல்லாம் பாக்கோணும்?

வாளையார்_வழி:

முழுப் பணத்தை இப்பவே குடுக்க வேண்டாமுங்க. வெளி மாநில வண்டியில் பணம் மாட்டிக்கிற இடமே என்.ஓ.சி.தான். அது வராத வரைக்கும் இங்கே எந்த ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் ஃபைல் உள்ளே போகாது. வண்டி உங்க வாசலில் நிக்கும், பேரு அவர் பேரில் இருக்கும். முழுசும் வாங்கிட்டவருக்கு அப்புறம் ஆபீஸ் ஆபீஸா அலையறதுக்கு எந்த அவசரமும் இருக்காது.

"ஒரு வருசம் ஓட்டலாம்"ங்கிறது பாதி சரி. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 47ல வர்ற 12 மாசம், சொந்த வண்டியோட வேற மாநிலத்துக்குக் குடிபோறவங்களுக்கானது. வேலை மாறி இங்கே வந்த மலையாளிக்கு அது பொருந்தும். நீங்க வண்டியை விலைக்கு வாங்கறீங்க. உங்களுக்குப் பிரிவு 50 வந்துடும்: வாங்கின 30 நாளுக்குள்ள பேர் மாத்த நீங்க மனு குடுக்கோணும். வேற மாநிலத்தில் பதிவான வண்டின்னா, விக்கிறவர் 45 நாளுக்குள்ள என்.ஓ.சி. சம்பந்தமான காகிதத்தை அனுப்போணும். கோபியில் வீடு, கோபியில் ஆதார், வண்டி மட்டும் கே.எல்.னு இருந்தா, சோதனையில் பிரிவு 47ஐச் சொல்லித் தப்பிக்க முடியாது.

இதில் விக்கிறவருக்கும் ஆபத்து இருக்குதுங்க, அதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்க. விபத்து நடந்தா பதிவில் யார் பேர் இருக்குதோ அவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பு அவருக்குத்தான்னு 2018ல உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லியிருக்குது. வண்டியை ஒப்படைச்ச பிறகு நீங்க ஓட்டி இடிச்சாலும் நோட்டீஸ் பாலக்காட்டுக்குத்தான் போகும். இதைப் புரிஞ்சுக்கிட்டார்னா என்.ஓ.சி.க்கு அவரே அவசரப்படுவார்.

இப்ப வரிசைக்கு வர்றேன். முதல் வேலை பேங்க் பேரை எடுக்கறது. லோன் முடிஞ்சுதுன்னா பேங்க் ஒரு கடிதமும், ஃபார்ம் 35ல கையெழுத்தும் முத்திரையும் குடுக்கும். பேங்க் கடிதத்தில் செல்லுபடி தேதி போட்டிருக்குதான்னு பாருங்க. லோன் முடிஞ்சு ரெண்டு வருசம் பீரோவில் கிடந்த கடிதம்னா புதுசா வாங்கோணும், கிளை மாறியிருந்தா அதுவே வாரக் கணக்கில் இழுக்கும். ஆர்.சி.யில் பேங்க் பேர் இருக்கிற வரைக்கும் பேங்க் சம்மதம் இல்லாம என்.ஓ.சி. கிடையாது. அதனால ஹெச்.பி. (ஆர்.சி.யில் இருக்கிற லோன் குறிப்பு) கேன்சல் ஆகி, வாகன் கணக்கில் (அரசோட வண்டிப் பதிவுக் கணக்கு) அந்தப் பேர் போயிருக்குதான்னு எம்.பரிவாகன் ஆப்பில் பாருங்க. கையில் இருக்கிற பழைய கார்டைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க.

ரெண்டாவது, ஃபார்ம் 28. இதுதான் என்.ஓ.சி. மனு. எந்த மாநிலம், எந்த ஆபீஸுக்குப் போகுதுன்னு அதில் குறிக்கோணும். இதில் கவனம் வேணுமுங்க. உங்க விலாசம் எந்த ஆபீஸ் எல்லையில் வருதோ அதையே போடச் சொல்லுங்க. பெருந்துறை டி.என். 56, ஈரோடு கிழக்கு 33, மேற்கு 86, கோபி 36. புரோக்கர் பழக்கத்தில் கோயமுத்தூர்னு போட்டுட்டா, திருத்தறதுக்குத் திரும்பப் பாலக்காட்டுக்கே போகோணும்.

மனுவெல்லாம் பரிவாகன் தளம் வழியா போறதால ஓ.டி.பி. வரும். வாகன் கணக்கில் இருக்கிற மொபைல் நம்பர் இப்ப விக்கிறவர் கையில் இருக்குதான்னு முதல்லயே கேளுங்க. வண்டி வித்த டீலர் நம்பரோ, விட்டுப்போன பழைய நம்பரோ பதிவாகியிருக்கிறது ரொம்ப சகஜம். நம்பரை மாத்தறது ஒரு தனி வேலை, அதை முடிக்காம மத்தது நகராது.

மூணாவது, பாக்கி அபராதம். கேரளத்தில் ரோட்டுக் கேமரா நிறைய. இ-சலான் தளத்தில் வண்டி நம்பரும் சேஸிஸ் அல்லது என்ஜின் நம்பரின் கடைசி எண்களும் போட்டா பாக்கி தெரியும். கோர்ட்டுக்குப் போனது தனியா விர்ச்சுவல் கோர்ட் தளத்தில் கிடக்கும், அங்கேயும் பாருங்க. பிளாக்லிஸ்ட்ல ஏறின வண்டிக்கு அது தீராம என்.ஓ.சி. வராது.

திருட்டு வண்டியான்னு பார்க்க தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் வண்டி நம்பர், என்ஜின், சேஸிஸ் நம்பர் குடுத்து அறிக்கை எடுக்கலாம். அந்தத் தாளை இங்கே ஃபைலில் கேட்பாங்க, எப்படியும் எடுக்கோணும். அதை அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க.

ஃபார்ம் 29, 30 பத்தி. தேதி, பேர் எதுவும் எழுதாம வெறும் கையெழுத்து மட்டும் வாங்கி வெச்சுக்கிறது ரெண்டு பேருக்குமே கெடுதல். உங்க பேர், விலாசம், தேதி எல்லாம் எழுதின பிறகு கையெழுத்து வாங்குங்க. 29 ரெண்டு பிரதி வேணும். கையெழுத்து ஆர்.சி. ஆவணத்திலும் பான் கார்டிலும் இருக்கிற மாதிரியே இருக்கோணும். மலையாளத்தில் போடறவர் ஒரு இடத்தில் மலையாளம், ஒரு இடத்தில் இங்கிலீஷ்னு போட்டா ஆட்சேபம் வரும். ஒரு மாத்து செட் கூடுதலா வாங்கி வெச்சுக்குங்க, சின்ன அடித்தல் திருத்தலுக்காக மறுபடி வாளையார் எல்லை தாண்ட வேண்டியிருக்காது.

இங்கே குடுக்கறது: என்.ஓ.சி., அசல் ஆர்.சி., புது நம்பர் கேட்கிற ஃபார்ம் 27, ஃபார்ம் 29, 30, விலாசத்துக்கு 33, நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, முதல் இன்வாய்ஸ் நகல், விற்பனைக் கடிதம், ரெண்டு பேரோட அடையாளச் சான்று, பான். அப்புறம் வண்டியை ஆர்.டி.ஓ. மைதானத்துக்குக் கொண்டுபோய் ஆய்வாளர்கிட்ட காட்டோணும். சேஸிஸ் நம்பரைத் தேய்ச்சு எடுத்து வண்டியோட ஒப்பிடுவாங்க.

கடைசியா ஒண்ணு. கன்சல்டிங் மூலமா வாங்கறதா இருந்தா, 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி டீலர்கள் ஆர்.டி.ஓ.வில் அங்கீகாரம் வாங்கி, வண்டி தங்ககிட்ட வந்ததை ஆன்லைனில் தெரிவிக்கோணும்னு விதி இருக்குது. அப்படித் தெரிவிச்ச வண்டிக்கு என்.ஓ.சி., பேர் மாத்தற மனுவை டீலரே போடலாம். அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்கறதுல தப்பே இல்லைங்க.

காவிரிக்கரை:

செலவுப் பக்கம் மட்டும் நான் சொல்றேன். 90,000 ரூபாய் லாபம்னு நினைச்சு இறங்காதீங்க, அதில் பெரும்பங்கு வரிக்குப் போகும்.

தமிழ்நாட்டில் காருக்கு ஆயுள் வரி. 2023 நவம்பரில் மாத்தின விகிதப்படி புது காருக்கு 5 லட்சம் வரை 12%, 5 முதல் 10 லட்சம் வரை 13%, 10 முதல் 20 லட்சம் வரை 18%, அதுக்கு மேல 20%. வெளி மாநிலத்தில் இருந்து வர்ற பழைய வண்டிக்கு இதே அடுக்கில் வயசுக்குத் தக்கபடி விகிதம் இறங்கும். நீங்க சொன்ன 7 லட்சத்து 20 ஆயிரத்துக்குப் புதுசா இருந்தா 13% வீதம் 93,600 ரூபாய். 2019 வண்டிங்கிறதால அதை விடக் குறையும், ஆனா சில ஆயிரத்தோட முடியற தொகையா இருக்காது.

இங்கே எல்லாரும் தடுக்கி விழறது ஒரு இடம்தான். வரி போடறது நீங்க பாலக்காட்டில் குடுத்த விலைக்கு இல்லை, வண்டி புதுசா வித்தப்ப இருந்த விலைக்கு. 3 லட்சத்துக்கு வாங்கினேன்னு ரசீது காட்டினா வரி குறையாது. இன்வாய்ஸ் தொலைஞ்சிருந்தா வாகன் கணக்கில் ஏறியிருக்கிற விற்பனைத் தொகையைப் பார்ப்பாங்க. சில வண்டிக்கு அந்தத் தொகை தப்பா ஏறியிருக்கும், ஒரு சைபர் கூடவோ குறையவோ. அதனால ஆர்.சி. விவர நகல் ஒண்ணு முன்கூட்டியே எடுத்துப் பார்த்துடுங்க. அந்த நகலோட கோபி ஆபீஸில் நேரில் கேட்டா வரி எவ்வளவு வரும்னு சொல்லுவாங்க. அந்தத் தொகை தெரிஞ்ச பிறகு விலை பேசுங்க. முதல்ல விலை பேசி முடிச்சுட்டு வரியைக் கேட்கப் போறது தலைகீழ்.

விலை 10 லட்சத்துக்கு மேல போன வண்டிக்கு அடுக்கு 13ல இருந்து 18க்குத் தாவுது. ஷோரூம் விலை 9.9 லட்சமான வேரியன்ட்டுக்கும் 10.2 லட்சமான வேரியன்ட்டுக்கும் பழைய வண்டி விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது, வரியில் இருக்கும். வெளி மாநிலத்தில் தேடறவங்க இந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிற வேரியன்டா பார்த்துத் தேடறது நல்லது. பாண்டிச்சேரி நம்பர் பெரிய கார்கள் மலிவா வர்றதும் இதனாலதான். அங்கே கட்டின குறைஞ்ச வரி இங்கே உதவாது, இங்கே முழு அடுக்குக்கும் கணக்குப் போடுவாங்க.

வரி போக மீதி எல்லாம் சில்லறைதான். மத்திய விதிப்படி காருக்குப் புது நம்பர் பதிவுக் கட்டணம் 600, பேர் மாத்த 300, அதோட கார்டு கட்டணம், மாநிலச் சேவைக் கட்டணம், சாலைப் பாதுகாப்பு வரி, புது நம்பர் பிளேட். இதுக்கெல்லாம் சேர்த்து ஒரு மொத்தத் தொகை கேட்கற ஏஜென்ட்கிட்ட, அரசுக் கட்டணம் எவ்வளவு, அவர் கூலி எவ்வளவுன்னு தனித்தனியா எழுதித் தரச் சொல்லுங்க. அரசுக் கட்டணம் ஒவ்வொண்ணுக்கும் ஆன்லைன் ரசீது உண்டு.

இன்னொரு பக்கம் கொஞ்சம் பணம் திரும்பும். கேரளத்தில் 15 வருசத்துக்குச் சேர்த்து வரி கட்டியிருப்பாங்க. வண்டி மாநிலத்தை விட்டுப் போயிட்டா மீதிக் காலத்துக்கான வரியைத் திருப்பிக் கேட்கலாம். இங்கே புது நம்பர் விழுந்த பிறகு புது ஆர்.சி. நகல், தமிழ்நாட்டு வரி ரசீது, என்.ஓ.சி. நகல், அங்கே கட்டின வரிக்கான சான்று எல்லாம் வெச்சு, வண்டி முன்ன பதிவான ஆபீஸில் மனுப் போடோணும். இந்தப் பணம் யாருக்குங்கிறதை இப்பவே ஒப்பந்தத்தில் எழுதுங்க. வரியைக் கட்டினவர் கணக்குக்கே பணம் போற வாய்ப்பு இருக்கிறதால, "வந்ததும் வாங்கினவருக்குக் கொடுப்பேன்"னு ஒரு வரியும், மனுவுக்கு வேண்டிய கையெழுத்தும் இப்பவே வாங்கி வெச்சுக்கோணும். விட்டுட்டா அப்புறம் அவர் போனே எடுக்க மாட்டார்.

சிங்காநல்லூர்_ஷெட்:

வண்டியைப் பத்தி எழுதறேன். மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க, முடிஞ்சா டிங்கர் (பாடி வேலை பாக்கறவர்) ஒருத்தரையும். என்ஜின் கோளாறு செலவு பண்ணினா தீரும். பாடியும் வயரிங்கும் கெட்டுப்போன வண்டி தீராது, அதனால டிங்கர் கண்ணுதான் முதல்ல வேணும்.

கேரள வண்டின்னா முதல் பயம் துரு. பாலக்காடு உப்புக்காத்து ஊர் இல்லை, அதுவரைக்கும் நல்லது. ஆனா ரெண்டாவது ஓனர்னு சொல்றீங்க, முதல் ஓனர் எங்கே ஓட்டினார்னு பாருங்க. ஆலப்புழை, கொல்லம், கோழிக்கோடுன்னு கடலோரத்தில் நின்ன வண்டின்னா கணக்கே வேற. ராம்ப் இருக்கிற ஷெட்டில் ஏத்தி அடியைப் பாருங்க. கதவுக்குக் கீழே ரன்னிங் போர்டு மடிப்பு, லோயர் ஆர்ம் பிடிக்கிற இடம், பின் ஆக்ஸில் பீம், பிரேக் பைப், பெட்ரோல் ஊத்தற குழாய் கழுத்து, சைலன்சர் ஜாயின்ட். மேலாக்கப் படிஞ்ச செந்துரு பெரிசில்லை. ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டினா செதில் செதிலா உதிர்ந்தா வேண்டாம். அடியில் கரியா, புதுசா, தடிமனா கோட்டிங் அடிச்சிருந்தா சந்தோசப்படாதீங்க, விக்கறதுக்கு முன்னாடி அடிச்ச கோட்டிங் துருவை மூடறதுக்குத்தான்.

அடுத்தது வெள்ளம். 2019 மாடல்ங்கிறதால 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இந்த வண்டி இல்லை. ஆனா 2019 ஆகஸ்டிலும் வட கேரளத்தில் வெள்ளம் வந்துச்சு, அதுக்கப்புறமும் தாழ்வான இடத்தில் தண்ணி ஏறாத மழைக்காலம் இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, சுருளுக்குள்ளே இருந்த பகுதியில் சேத்துக் கோடு இருக்கும், அதைக் கழுவற பொறுமை யாருக்கும் இருக்காது. சீட்டை முன்னே பின்னே தள்ளி ரெயில் போல்ட்டில் துரு பாருங்க. கார்பெட்டைத் தூக்கி அடியில் இருக்கிற பஞ்சைத் தொட்டு, மோந்து பாருங்க. டிக்கியில் ஸ்டெப்னி பள்ளம், ஹெட்லைட்டுக்கு உள்பக்கம், டாஷ்போர்டுக்கு அடியில் ஃப்யூஸ் பாக்ஸ். தண்ணி ஏறின வண்டின்னா, ஏதாவது ஒரு வயர் கனெக்டரைக் கழட்டினா உள்ளே இருக்கிற உலோக முனையில் பச்சைப் பூப்பு தெரியும். காருக்குள்ளே சென்ட் வாசனை தூக்கலா இருந்தா கண்ணாடியை எல்லாம் ஏத்திவிட்டுப் பத்து நிமிசம் வெயிலில் நிறுத்தி அப்புறம் கதவைத் திறங்க.

வெள்ள வண்டி ஏன் ஆகாதுன்னா, தண்ணி வடிஞ்ச பிறகும் வயர் இழைக்குள்ளே ஈரம் தங்கி ஊர்ந்து போகும். வாங்கி ஆறு மாசம் நல்லா ஓடும். அப்புறம் ஒருநாள் பவர் ஸ்டீயரிங் லைட், அடுத்த வாரம் ஏ.பி.எஸ். லைட், ஒரு மழைநாளில் ஸ்டார்ட்டே ஆகாது. பல கார்களில் ஏர்பேக் கன்ட்ரோல் பெட்டி கியர் லிவருக்குப் பக்கத்தில் தரை மட்டத்தில்தான் இருக்கும், முதல்ல முங்கறது அதுதான். இக்னிஷன் போட்டதும் ஏர்பேக் லைட் எரிஞ்சு சில நொடியில் அணையோணும். எரியவே இல்லைன்னா அந்த பல்பைப் பிடுங்கியிருக்கலாம்.

இடி வாங்கின வண்டியா? ஃபெண்டர், பானட் கீல், கதவுக் கீல் போல்ட் தலையில் பெயின்ட் உடைஞ்சிருக்குதான்னு பாருங்க. கதவு ரப்பரை உரிச்சா கம்பெனி ஸ்பாட் வெல்டிங் ஒரே இடைவெளியில் வட்ட வட்டமா இருக்கும். பட்டறை வெல்டிங்னா தெரிஞ்சுடும். பெயின்ட் மீட்டர் வெச்சா கம்பெனி பெயின்ட் 80 முதல் 150 மைக்ரான் சொச்சம், 200க்கு மேல போனா மறுபடி அடிச்சது, 500 தாண்டினா உள்ளே பட்டி (பள்ளத்தை நிரப்பற பூச்சு). பம்பர், ஒரு கதவு அடிச்சிருந்தா பரவாயில்லைங்க, பாலக்காடு டவுனில் உரசாத வண்டி ஏது? ஏப்ரன் (என்ஜின் அறையின் உள்பக்கத் தகடு), பில்லர் (கூரையைத் தாங்கற தூண்), ரேடியேட்டர் பிடிக்கிற குறுக்குச் சட்டம் இந்த மூணில் கைவெச்சிருந்தா விலை எவ்வளவு குறைச்சாலும் வேண்டாம்.

கிலோமீட்டர்: 48,000 நெசமான்னு மீட்டரைப் பார்த்துத் தெரியாது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் நம்பர் குடுத்து, ஓனரை வெச்சுக்கிட்டு சர்வீஸ் வரலாறு கேளுங்க. 2022ல 61,000க்கு ஆயில் மாத்தின பதிவு இருந்தா அங்கேயே எழுந்து வந்துடலாம். டயரில் நாலு இலக்கம் இருக்கும், 1219னா 2019ம் வருசம் 12வது வாரம். 48,000 கி.மீ.க்கு வண்டியோட வந்த டயரே கடைசிக் கட்டத்தில் இருக்கலாம், இல்லை ஒரு செட் மாத்தியிருக்கலாம். ரெண்டாவது செட்டும் தேய்ஞ்சிருந்தா கணக்கு இடிக்குது. கிளட்ச், பிரேக் பெடல் ரப்பர், டிரைவர் சீட்டின் வெளி ஓரம், பிரேக் டிஸ்க்கின் விளிம்பு மேடு, இதெல்லாம் பொய் சொல்லாது.

ஸ்கேனர் போடும்போது ஒரு விசயம். எரர் கோடு எதுவும் இல்லைன்னு காட்டினதும் திருப்தியாகாதீங்க. அழிச்சுட்டுக் கொண்டுவந்திருக்கலாம். "கோடு அழிச்சதில் இருந்து ஓடின தூரம்"னு ஒரு கணக்கு இருக்கும், அதையும் ரெடினெஸ் மானிட்டரையும் (வண்டி தன்னைத்தானே சோதிச்சு முடிச்சுதான்னு காட்டறது) பாருங்க. மானிட்டர்கள் இன்னும் முடியாத நிலையில் இருந்தா, சமீபத்தில் அழிச்சிருக்காங்க, இல்லைன்னா பேட்டரி கழட்டியிருக்காங்க. கேட்டா பதில் வரோணும்.

என்ஜினைக் காலையில் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் பண்ணோணும். நீங்க போறதுக்கு முன்னாடியே சூடாக்கி வெச்சிருக்காங்களான்னு பானட்டில் கை வெச்சுப் பாருங்க. குளிர்ந்த என்ஜினில்தான் டைமிங் செயின் சத்தமும், நீலப் புகையும், ஐடில் ஏத்த இறக்கமும் தெரியும். அப்புறம் கஞ்சிக்கோடு பக்கம் நாலுவழிச் சாலையில் 80ல ஓட்டி ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்குதா, வீல் பேரிங் உறுமுதா, பிரேக் பிடிச்சா நடுங்குதான்னு பாருங்க. மத்தியான வெயிலில் ஏ.சி.யைப் போட்டு இருபது நிமிசம் நின்ன இடத்தில் ஓடவிட்டுச் சூட்டு முள்ளைப் பாருங்க, ஃபேன் கோளாறு, ரேடியேட்டர் அடைப்பு அதில் தெரியும்.

சேஸிஸ் நம்பர் கொத்தின இடத்தையும் நல்லாத் துடைச்சுப் பாருங்க. 17 எழுத்தும் எண்ணும் ஆர்.சி.யோட ஒத்துப்போகோணும். துரு தின்னு ரெண்டு எழுத்து மங்கிப்போயிருந்தா மைதானத்தில் ஆய்வு நிக்கும், அதைத் தீர்க்கறது பெரிய வேலை. என்ஜின் நம்பரும் அப்படித்தான், என்ஜின் மாத்தின வண்டியில் ஆர்.சி.யில் ஏத்தியிருக்கோணும். கேரளத்தில் ஆசைக்கு மாத்திக் கட்டின வண்டி நிறைய: அகல டயர், உயரம் குறைச்ச ஸ்ப்ரிங், கண்ணாடியில் கருப்பு ஃபிலிம். அதெல்லாம் கழட்டி, கம்பெனி சாமானைத் திரும்பப் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க.

கோபி_வாய்க்கால்:

ரொம்ப நன்றிங்க. விக்கிறவர்கிட்ட பேசினேன், ஹெச்.பி. கேன்சலும் என்.ஓ.சி.யும் முதல்ல முடிக்கறதுக்குச் சம்மதிச்சுட்டார். ஆனா அட்வான்ஸ் கொஞ்சம் கூடக் கேட்கிறார். எவ்வளவு குடுக்கலாம், எப்படி எழுதோணும்? இன்சூரன்ஸில் 50% நோ கிளைம் போனஸ் இருக்குது, அதனால வண்டி இடி வாங்காததுன்னு எடுத்துக்கலாமுங்களா? இதே மாடல் மைசூரிலும் ஒண்ணு இருக்குது, அதில் முறை ஏதாவது மாறுமா?

வாளையார்_வழி:

பத்துல ஒரு பங்குக்கு மேல அட்வான்ஸ் வேண்டாமுங்க. அதையும் ஆர்.சி.யில் இருக்கிற பேருக்கே பேங்க் மூலமா அனுப்புங்க, புரோக்கர் கணக்குக்கு வேண்டாம். ரொக்கமா 2 லட்சமோ அதுக்கு மேலயோ வாங்கறதை வருமான வரிச் சட்டம் தடுக்குது, அதனால மீதியும் பேங்க் வழிதான்.

ஒப்பந்தத்தில் வண்டி நம்பர், சேஸிஸ், என்ஜின் நம்பர், மீட்டர் அளவு, என்.ஓ.சி. எந்த ஆபீஸுக்கு, எந்தத் தேதிக்குள்ள, வராட்டி அட்வான்ஸ் திரும்பணும்னு எழுதுங்க. என்.ஓ.சி. வாகன் கணக்கில் தெரிஞ்ச அன்னைக்கு மீதிப் பணம், அன்னைக்கே வண்டி. ஒப்படைக்கிற தேதியோட மணியும் எழுதோணும். அன்னைக்குக் காலையில் அவர் ஓட்டிக் கேமராவில் சிக்கினது அவருக்கு, சாயந்தரம் நீங்க சிக்கினது உங்களுக்கு. கேமரா அபராதம் தளத்தில் ஏறத் தாமதமாகுங்கிறதால, ஒரு சின்னத் தொகையை ஒரு மாசம் நிறுத்திவெச்சுக் குடுக்கறதா எழுதிக்கிட்டா நல்லது. என்.ஓ.சி. கைக்கு வந்ததும் ஆறப்போடாம இங்கே ஃபைல் போட்டுடுங்க. நாள் கடந்தா மறுபடி பாலக்காட்டு ஆபீஸில் உறுதி கேட்கிற நிலை வரும்.

மைசூர் வண்டின்னாலும் ஃபார்மெல்லாம் இதேதான், மத்தியச் சட்டம். கர்நாடகத்தில் ஆயுள் வரி கூடுதல்ங்கிறதால திரும்பக் கேட்கிற தொகையும் கூட வரும். அங்கே ஆர்.சி. விவர நகலை பி எக்ஸ்ட்ராக்ட்னு கேட்கோணும். பெங்களூரு வண்டின்னா போக்குவரத்து போலீஸின் தனித் தளத்திலும் அபராதம் பாருங்க. ஓட்டிக்கிட்டு வரும்போது சாம்ராஜ்நகர், திம்பம், பண்ணாரி வழியா வந்தா 27 கொண்டை ஊசி இறங்கோணும், பிரேக் ஆயிலும் பேடும் பார்க்காத வண்டியை அதில் இறக்காதீங்க. புலிகள் காப்பகத்தில் ராத்திரி 9 மணியில் இருந்து காலை 6 மணி வரைக்கும் காருக்கும் தடை, அதுக்கேத்த மாதிரி கிளம்புங்க.

தாராபுரம்_காத்து:

இன்சூரன்ஸ் கேள்விக்கு: நோ கிளைம் போனஸ் வண்டிக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். பழைய காரில் சேர்த்த 50%ஐ இந்தக் காருக்கு மாத்தியிருக்கலாம். அதனால அது இடி வாங்காததுக்குச் சாட்சி ஆகாது. கிளைம் போடாம கைக்காசில் டிங்கரிங் பண்ணியிருக்கவும் கூடும். சிங்காநல்லூர் அண்ணன் சொன்ன போல்ட்டும் வெல்டிங்கும்தான் சாட்சி.

அந்த 50% உங்களுக்கும் வராது. பாலிசியை உங்க பேருக்கு மாத்தும்போது கம்பெனி அந்தத் தள்ளுபடித் தொகையை மீதிக் காலத்துக்குக் கணக்குப் போட்டு உங்ககிட்ட வாங்கும். அதையும் செலவில் சேர்த்துக்குங்க. வாங்கின 14 நாளுக்குள்ள மனு குடுத்துடோணும். மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடவே உங்களுக்கு வந்துடும், ஆனா உங்க வண்டிச் சேதத்துக்கான பகுதி, பேர் மாத்தாம இருந்தா கிளைம்ல நிக்காது. ஃபார்ம் 29, 30 நகல், விற்பனைக் கடிதம், பழைய பாலிசி இதை வெச்சே மாத்தலாம், டி.என். நம்பர் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. நம்பர் விழுந்த பிறகு அதே பாலிசியில் நம்பரை மட்டும் திருத்தச் சொல்லி எண்டார்ஸ்மென்ட் வாங்குங்க.

ஃபாஸ்டேக்கும் அப்படித்தான். பழையவர் டேக்கை அவரே அவர் பேங்கில் மூடோணும், அதை உரிச்சு எறிஞ்சா மட்டும் போதாது. ஒரு வண்டிக்கு ஒரு டேக்குன்னு விதி இருக்கிறதால, அது மூடாத வரைக்கும் உங்களுக்குப் புதுசு ஒட்ட முடியாது. சேஸிஸ் நம்பரை வெச்சுத்தான் பார்ப்பாங்க, அதனால நம்பர் மாறினாலும் பழைய டேக் குறுக்கே நிக்கும். என்.ஓ.சி. மனுப் போடற அன்னைக்கே இதையும் மூடச் சொல்லிடுங்க. நம்பர் பிளேட் ஆர்டர் பண்ணும்போது முன் பின் பிளேட்டோட கண்ணாடி ஸ்டிக்கரும் சேர்த்து வருதான்னு பாருங்க. கே.எல். ஸ்டிக்கர் ஒட்டின கண்ணாடியில் டி.என். பிளேட் மாட்டி ஓட்டினா சோதனையில் நிறுத்துவாங்க.